குறையில்லாத உடம்பு

1

நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டரில் இருந்த பெண் என் கோப்பு இன்னும் முழுமையாகவில்லை என்றார். பெல்ஜியத்தில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல் ரேகையும் வேண்டும். நான் அட்டைப்பெட்டி மடிக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறவன். அட்டையின் ஓரம் ரேகையை மெல்லத் தேய்த்துவிடும். இயந்திரம் இடது விரலை ஏற்றுக்கொண்டது, வலது விரலை ஏற்க மறுத்தது. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், அவர் கொடுத்த களிம்பைத் தடவியும் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நாள் பெட்டி மடிக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னார்.

கிளம்பும்போது, “ரேகை வந்துவிட்டால் என் கோப்பு முழுமையாகிவிடுமா?” என்று கேட்க நினைத்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் டச்சு மொழியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் எனக்கு இடம் மாறிவிடும். என் கோப்பில் ஒரு மாசும் இருக்காதே என்ற பொருளில் கேட்டுவைத்தேன். அந்தப் பெண் சிரிக்காமல் பதில் சொன்னார். “அப்படி ஒரு கோப்பை நான் இதுவரை பார்த்ததில்லை, ஐயா.” எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. அச்சன்புதூரிலிருந்து அண்ணாச்சி. என் பெரியப்பா மகன். குடும்பத்தில் இப்போது மூத்தவர். எங்கள் மாடசாமி கோயிலுக்கு அவர் சொன்னதுதான் சட்டம்.

“ஏலே, ஆடிக் கொடைக்கு நீ வந்து நிக்கணும்.”

“நான் எதுக்கு அண்ணாச்சி? சங்கரபாண்டி இருக்கான்லா?”

“அவன் கை அப்படி இருக்கு. கொறையுள்ள ஒடம்புல மாடன் எறங்க மாட்டான். ஒனக்குப் பத்து வெரலும் இருக்குல்லா?”

இருக்கிறது என்றேன். அதில் ஒன்றை இயந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவில்லை.

2

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். கொடை என்பது கோயில் திருவிழா. அன்று சாமி வந்து ஆடுகிறவரைக் கோமரத்தாடி என்போம். எங்கள் கோயிலில் அது ஒரே குடும்பத்து உரிமை. என் அப்பா ஆடினார். அவருக்குப் பிறகு அண்ணாச்சியின் அண்ணன் ஆடினார். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். அண்ணாச்சிக்கு முழங்கால் வளையாது, அவருக்குப் பிறந்தது எல்லாம் பெண்கள். மிச்சம் இருப்பது என் தம்பி சங்கரபாண்டியும் நானும். சங்கரபாண்டி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு விபத்தில் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. அடிக்கணு மட்டும் இருக்கிறது.

நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். யாரோ சொன்னது, யாரோ பார்த்தது, உறுதி செய்யப்பட்டது என்று செய்தியை மூன்றாகப் பிரித்துப் பழகிய மூளை. சாமி வருவதை நான் முதல் வகையில்தான் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மகள் மீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பிறந்தது இங்கேதான். தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து வராது. லத்தீன் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். இது எப்படி நடந்தது என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தேர்ந்தெடுத்த ஒரு பாடம், நல்ல ஆசிரியை ஒருவர், பிறகு பல்கலைக்கழகம். இப்போது அவளுடைய முதுகலை ஆய்வின் பொருள், நிறைவு என்பதைப் பற்றி இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது. ஊரில் யாராவது மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் “வரலாறு” என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் முதன்முறையாக அவள் படிப்பைப் பற்றிக் கேள்வி கேட்டேன். அவளுக்கு அதுவே ஆச்சரியம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் வாதம் இது, அவள் சொன்னபடி. ஒரு பொருளுக்கு இரண்டு நிறைவுகள் உண்டு. உறுப்புகள் எல்லாம் குறையில்லாமல் அமைந்திருப்பது முதல் நிறைவு. அது எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்தைச் செய்வது, அந்த இடத்தைச் சென்று சேர்வது இரண்டாம் நிறைவு. கடவுள் ஏழாம் நாள் ஓய்வெடுத்தபோது உலகத்துக்கு முதல் நிறைவுதான் கிடைத்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை. உலக முடிவில் வரும்.

“அப்போ மனுசனுக்கு?” என்றேன்.

கடைசி நாளில் எல்லோரும் எழும்போது உடல் முழுமையாக எழும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லையாம். கிழவனும் குழந்தையும் நடு இளமைப் பருவத்தில் எழுவார்கள். முடி, நகம், பல் எல்லாம் உண்டா என்றுகூட வாதம் நடந்திருக்கிறது. உண்டு என்று முடிவாகியிருக்கிறது. நம்பிக்கைக்காக வெட்டுப்பட்டுச் செத்தவர்களுக்குப் போன உறுப்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் வெட்டுப்பட்ட இடத்தில் தழும்பு இருக்கும். அது குறை ஆகாது, அழகு.

“எல்லாம் சரியான பிறகு தழும்பு எதுக்கு?”

“அங்கதான்பா நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்,” என்றாள் மீனா. கொடைக்கு அவளும் வருவதாகச் சொன்னாள்.

எனக்குத் தென்காசிக் கோபுரம் நினைவுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் படித்தபோது அது சிதைந்து மொட்டையாக நின்றது. கோபுரம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைக் கட்டி முடித்தார்கள். ஊரே அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் கொஞ்ச நாள் பஸ்ஸை விட்டு வேறு ஊரில் இறங்கிவிட்டது போல இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன நிரூபிக்கப் போகிறேன்?

3

அச்சன்புதூரில் போய் இறங்கிய மறுநாள் காலை காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவன்தான் விரதம் இருந்து ஆட வேண்டும். கோயில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கரபாண்டி வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடியிருந்தான். ராணுவத்தில் இருந்தவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முந்தின நாள் ரயில் நிலையத்திலிருந்து காரில் வரும்போது அவனிடம் கேட்டிருந்தேன். “ஒனக்கு வேணுமாடே இது?”

அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பட்டாளத்துல சேரும்போது மெடிக்கல்ல பாஸ். வெளிய வரும்போதும் ஃபிட்டு. ஊருக்கு வந்த பொறவு அன்ஃபிட் ஆயிட்டேன் பாத்தியா.” கொஞ்ச தூரம் போனபின், “அப்பா ஆடும்போது பின்னால நின்னு தாங்குனது நான்தான்ணே. நீ தென்காசி ஹாஸ்டல்ல இருந்த,” என்றான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டும்.

மரத்தடியில் அண்ணாச்சி ஆரம்பித்தார். “நமக்கு வழிவழியா உள்ளது. காது குத்துனதத் தவிர ஒடம்புல ஒரு சேதாரம் இருக்கக்கூடாது.”

சங்கரபாண்டியின் மனைவி கோமதி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். “அப்போ அத்தானுக்கு வயித்துல ஆபரேசன் ஆயிருக்கே, அது எந்தக் கணக்குல?” என்றாள். அத்தான் என்பது நான். குடல்வால் எடுத்தது.

“அது உள்ள இருக்கது. வெளிய தெரியாதுல்லா.”

“வெளிய தெரியுததுதான் மாடனுக்குத் தெரியுமாக்கும். சரி, ஒங்க பல்லு பெரியத்தான்? மேல கீழ ரெண்டும் செட்டுதானே?”

“பல்லு கணக்குல வராது, கோமதி.”

அதுவரை சும்மா இருந்த மீனா, “பல் கணக்கில் வரும் பெரியப்பா. நகமும் வரும்,” என்றாள். வீட்டுக்கு வெளியே அவள் தமிழ் செய்தி வாசிப்பதைப் போல இருக்கும். பிறகு அவளுடைய துறவிகளைப் பற்றிச் சொன்னாள். கோயில் மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதயெல்லாமா ஒக்காந்து பேசிருக்கானுவ? பரவால்லியே. சரி, அங்கன வெரல் போனவன் பூசாரி ஆவலாமா?”

“எப்படிப் போனது என்று கேட்பார்கள். பழைய சபைச் சட்டத்தில் இருக்கிறது. தானே வேண்டுமென்று விரலை வெட்டிக்கொண்டால் ஆக முடியாது. வயல் வேலையில் தெரியாமல் வெட்டுப்பட்டால் ஆகலாம்.”

எல்லோரும் சங்கரபாண்டியைப் பார்த்தார்கள். அவன், “வைக்கோல் லாரி. புளியறை செக்போஸ்ட்ல. பின்கதவச் சாத்தும்போது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான,” என்றான்.

“வைக்கோலு வயல் வேலதான,” என்றாள் கோமதி.

அண்ணாச்சி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நான் பார்த்தேன். “வயல் வேலதான். இல்லன்னு சொல்லல. ஆனா அது வேதக்காரங்க சட்டம். நம்ம மாடன் அதப் படிச்சிருக்கானா?”

சிரிப்பு அடங்கியதும் அவரே வழி சொன்னார். சங்கரபாண்டியிடம் இரண்டு சிலிக்கான் விரல்கள் உண்டு. ஆய்க்குடியில் அளவெடுத்துச் செய்தது. நகம், ரேகை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். கல்யாண வீடுகளுக்கு மட்டும் மாட்டுவான்.

“அந்த ரப்பர் வெரல மாட்டிட்டு நில்லு. பாக்கதுக்கு முழுசா இருக்கும்லா,” என்று சொல்லி அவன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “எதுக்கும் ஒனக்கும் ஒண்ணு கட்டிருதேன். ஸ்பேர் டயர் மாதிரி.”

மீனா என் காதில் கேட்டாள். “உடம்பு முழுசா இருக்கணுமா, முழுசா இருக்கிற மாதிரி தெரியணுமா?”

4

கொடையன்று காலையில் குற்றாலத்திலிருந்து தீர்த்தம் எடுத்து வர வேண்டும். ஆடுகிறவன் அருவியில் குளித்து, குடத்தில் நீர் பிடித்து, மாடனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் குடத்தோடு கூட வருவான் என்பது கணக்கு. வெள்ளம் என்று மூடி வைத்திருந்த மெயின் அருவியைப் போலீஸ் அன்றைக்குத்தான் திறந்துவிட்டிருந்தது. கூட்டம் நெரிந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் எங்கள் மேளக்காரர்கள் அடிப்பது உதடு அசைவது போலத்தான் தெரிந்தது.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றினார். பிறகு, “தண்ணி வேகத்துல போயிரும்,” என்று சொல்லிப் பல்செட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கோமதியிடம் கொடுத்தார். சங்கரபாண்டியின் விரல்களைப் பற்றி யாருக்கும் அப்போது தோன்றவில்லை. அவனுக்கே தோன்றவில்லை. விவரம் தெரிந்த மனிதர்கள் ஆறேழு பேர் அங்கே நின்றோம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் கையை உயர்த்திக் கும்பிட்டபடி அருவிக்குள் போனான். வெளியே வந்தபோதும் கும்பிட்டபடிதான் வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இருந்தன.

முதலில் பார்த்தவன் நான். பிறகு அவன் பார்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். காலடியில் தேடினான். இடுப்பளவில் வேகமாக ஓடும் தண்ணீரில் என்ன தேட முடியும்? நிமிர்ந்தான். சிரித்தான். சத்தமாக, ஈரத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். “ரெண்டாந்தடவையும் போயிட்டுண்ணே!” என்று என்னிடம் கத்தினான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டான்.

அண்ணாச்சி குடத்தை என்னிடம் நீட்டினார். பல் இல்லாததால் அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் குளித்திருந்தேன். கயிறு கட்டியிருந்தேன். பத்து விரல்களாலும் குடத்தைப் பிடித்து, நீர் நிறைத்து, கரைக்கு வந்தேன். மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். இப்போது நான் கூப்பிட வேண்டும். “மாடசாமி, வாரும், வீட்டுக்குப் போவோம்.” இவ்வளவுதான். சின்ன வயதில் அப்பா சொல்லக் கேட்டது.

வாயைத் திறந்தேன். வரவில்லை. வெட்கம் என்றோ பயம் என்றோ சொல்ல முடியாது. உறுதி செய்யாத ஒன்றை அச்சுக்குக் கொடுக்கும்போது கை நிற்குமே, அதுதான். வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு ஒருவனை எப்படி வா என்று கூப்பிடுவது? எல்லோரும் காத்திருந்தார்கள்.

“எனக்கு வரல, அண்ணாச்சி,” என்றேன்.

அவர் கோபமாக ஏதோ சொன்னார். காற்றுதான் வந்தது. சொன்னதையே மறுபடி சொன்னார். பக்கத்தில் குளிக்க வந்திருந்த கேரளத்துக் குடும்பம் ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது.

கோமதி முன்னால் வந்து பிளாஸ்டிக் பையை நீட்டினாள். “பெரியத்தான், மொதல்ல இத மாட்டிட்டுப் பேசுங்க. ஒங்க வாய்க்கு ஒரு சட்டம், எங்க வீட்டு ஆளு கைக்கு ஒரு சட்டமா?”

அண்ணாச்சி பையைப் பார்த்தார். துண்டுக்குள் இருந்த கையைப் பார்த்தார். பையைப் பிரித்து, திரும்பி நின்று பல்லை மாட்டினார். வெகு நேரம் எடுத்துக்கொண்டார். திரும்பியபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“சரி, எடுலே. நேரமாவுது.”

யாரைச் சொன்னார் என்று ஒரு நொடி குழப்பம். சங்கரபாண்டிக்கு இல்லை. என் கையிலிருந்து குடத்தை வாங்கித் தலையில் வைத்தான். வலது கையை மேலே கொண்டு போய் மூன்று விரலால் விளிம்பைப் பிடித்தான். அவன் கூப்பிட்டது அருவிச் சத்தத்தை மீறிக் கேட்டது.

5

மதியக் கொடையில் நடந்ததை நாளிதழ் நடையில் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த நடை அதுதான். மேளம் உச்சத்துக்குப் போனபோது சங்கரபாண்டியின் இடது தோள் முதலில் அதிர்ந்தது. பிறகு முழு உடம்பும். வல்லயத்தை, அதாவது மாடனின் ஈட்டியை, வலது கையில் வாங்கி மூன்று சுற்று ஆடினான். ஈட்டி நழுவவில்லை. மாடன் இறங்கினானா என்று கேட்டால், உறுதிப்படுத்த முடியவில்லை என்றுதான் எழுதுவேன். தம்பி அந்த உடம்பில் இல்லை என்பதை மட்டும் நான் பார்த்தேன்.

பிறகு திருநீறு கொடுத்தான். முதல் ஆளாக அண்ணாச்சி குனிந்து நின்றார். பழக்கத்தில் மூன்று விரலை வைத்து நெற்றியில் இழுப்பதைப் போல இழுத்தான். இரண்டு கோடுதான் விழுந்தது. மூன்றாவதுக்கு விரல் இல்லை.

அண்ணாச்சி ஒரு நொடி தயங்கினார். கை நெற்றிப் பக்கம் போனது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அன்று சாயங்காலம் வரை எங்கள் தெருவில் ஆண், பெண், குழந்தை, பந்தல்காரர், மேளக்காரர் என்று எல்லோர் நெற்றியிலும் இரண்டு கோடுகள். யாரும் மூன்றாவதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று நாலைந்து பேரிடம் கேட்டேன். “சாமி போட்டது,” என்றார்கள். “அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்,” என்றார் ஒருவர். மீனா கண்ணாடியின் முன் நின்று வெகு நேரம் தன் நெற்றியைப் பார்த்தாள்.

முதல் நிறைவு என்னிடம் இருந்தது, இரண்டாவது அவனிடம் இருந்தது என்று அவளிடம் சொன்னேன். அழகாகச் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு திருப்தி. அவள் தலையை ஆட்டினாள். “அப்படிப் பிரிக்க முடியாதுப்பா. முதலாவது இல்லாம ரெண்டாவது வராதுன்னுதான் அவங்க எழுதியிருக்காங்க.”

“அப்போ அங்கன நடந்தது என்ன?”

அவள் என் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

6

நாங்கள் பெல்ஜியம் திரும்பிய பிறகு கோமதி ஒரு படம் அனுப்பினாள். உள்ளூர்ப் பத்திரிகையின் பெட்டிச் செய்தி. ‘குற்றாலம் அருவிக்கரையில் மனித விரல்? பயணிகள் அலறல்.’ கேள்விக்குறி போட்ட உதவி ஆசிரியரை மனதுக்குள் பாராட்டினேன். கரையோரக் கடைகளுக்குக் கீழே தண்ணீர் ஒதுங்கும் இடத்தில் கிடந்திருக்கிறது. போலீஸ் வந்து, கூட்டம் கூடி, கடைசியில் யாரோ தட்டிப் பார்த்துச் சிலிக்கான் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சங்கரபாண்டி ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். உன்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். மாட்டிக் காட்டியிருக்கிறான். பொருந்தியது. ஆனால் ஒன்றுதான் கிடைத்தது, சுண்டுவிரல். மோதிர விரல் போனது போனதுதான்.

இந்தச் சம்பவத்தை வீடியோ அழைப்பில் அவன் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது மீனா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆய்வின் கடைசி அத்தியாயத்தில் அவள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள். கேட்டுவிட்டாள்.

“சித்தப்பா, கடைசி நாளில் எல்லோருக்கும் உடம்பு திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் வேண்டுமா?”

“பின்ன? ரெண்டும் வேணும்.”

“தழும்பு? வெட்டுப்பட்ட அடையாளம் இருக்கட்டுமா?”

“அது எதுக்கு மக்களே? பட்ட பாடு போதாதா? எல்லாம் பழைய மாதிரி ஆயிரட்டும். ஒரு கோடு கூட வேண்டாம்.”

மீனாவின் முகம் கொஞ்சம் வாடியது. அவள் வேறு பதிலுக்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் கோமதியின் குரல் கேட்டது. “பெரியத்தான் வந்துருக்காக. அடுத்த கொடைக்குப் புதுசா ரெண்டு வெரல் செஞ்சிரலாம், கோயில் செலவுலயே செஞ்சிரலாம்னு சொல்லுதாக.”

“வேண்டாம்னு சொல்லு,” என்றான் சங்கரபாண்டி திரும்பாமல். “கொடைக்கு நான் இந்தக் கையோடதான் நிப்பேன்.”

“இப்பதான் விரல் வேண்டும் என்று சொன்னீர்கள்!” என்றாள் மீனா.

“வேணும்தான்.”

“பிறகு ஏன்?”

அவன் வலது கையைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான், முதல் தடவை பார்க்கிறவனைப் போல.

“தெரியலியே மக்களே,” என்றான். “ஒங்க சாமியாரு என்ன சொல்லுதாருன்னு நல்லாப் படிச்சிட்டு எனக்கும் ஒரு வார்த்த சொல்லு.”